போக்கிமான் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்? உருப்படியாக வாதாட ஒரு வழி

மும்பையில் நம்ம ஆட்கள் நாலு பேர் கூடினால், அது சயானோ செம்பூரோ முலுண்டோ, பேச்சு எப்படியாவது சின்ன வயசுக் கார்ட்டூனுக்கு வந்துவிடும். "ஆஷ் போனதோடு போக்கிமான் முடிஞ்சுது" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார் (போக்கிமான் என்கிற விசித்திர உயிரினங்களைப் பிடித்துப் பழக்குகிற அந்த ஜப்பானியத் தொடரின் நாயகப் பையன்தான் ஆஷ்), இன்னொருத்தர் எகிறுவார், அரை மணி நேரம் கத்திவிட்டு அவரவர் கட்சியிலேயே நின்றபடி கலைந்துவிடுவார்கள். எனக்கு இந்த விவாதம் ரொம்பப் பிடிக்கும், அதனாலேயே அது வீணாகப் போவதைப் பார்க்க மனசு வரவில்லை. குழந்தைகளுக்காக 1996-ல் தொடங்கிய ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தோண்டிப் பார்க்கிற மாதிரி வாதாடலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் வேலை, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்வது. போக்கிமான் என்பது ஒரே பொருள் இல்லை. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கான விளையாட்டாக வந்தது, அதே வருஷம் அக்டோபரில் சேர்த்து விளையாடுகிற கார்டு வந்தது, டிவி தொடர் 1997 ஏப்ரலில், போக்கிமான் கோ என்ற மொபைல் விளையாட்டு 2016-ல். "செத்துப்போச்சு" என்பவர் பெரும்பாலும் டிவி தொடரை மனதில் வைத்துப் பேசுகிறார், "போன வாரம்கூடப் புதுப் பாக்கெட் வாங்கினேனே" என்பவர் கார்டு சேர்க்கிறவர். இதைப் பிரிக்காமல் ஆரம்பித்தால் கடைசி வரை ஒருத்தர் சொல்வது இன்னொருத்தர் காதில் விழாது. இன்றைக்கு டிவி தொடர் மட்டும் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

அடுத்து, சுற்றி இருக்கிற எல்லோரிடமும் ஒரு கேள்வி: எந்த வயசில் பார்க்க ஆரம்பித்தீர்கள், எந்த சேனலில்? இதைச் சொல்லிவிட்டுத்தான் கருத்து சொல்ல வேண்டும். 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்தவருக்கு முதல் சீசன்தான் உசத்தி, பிறகு ஹங்காமா சேனலில் பார்த்தவருக்கு வேறொன்று. எட்டு, ஒன்பது வயசில் எது ஓடியதோ அதுவே அவரவர் பொற்காலம். இதை வெளிப்படையாகச் சொல்ல வைத்தாலே பாதிக் கோபம் அடங்கிவிடும். நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: "முன்ன மாதிரி இல்லை" என்பது நம்மைப் பற்றிய தகவல். தொடர் நிலைக்குமா என்று தெரிய வேண்டுமானால், இந்த வருஷம் ஆறு வயசாகிற குழந்தை அதற்குள் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். வருஷா வருஷம் புதுக் குழந்தைகள் வந்தால் ஓடும், வராவிட்டால் நாம் எவ்வளவு உருகினாலும் நிலைக்காது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு தொடரின் ஆயுளைக் கணிக்க அதன் உச்சத்தைப் பார்ப்பதைவிட, எங்கே அறுந்திருக்க வேண்டியது, எப்படி அறுபடாமல் தப்பித்தது என்று பார்ப்பதுதான் உதவும். போக்கிமான் டிவி தொடர் தொடங்கிய வருஷமே முடிந்திருக்க வேண்டியது. 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான எபிசோடில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சியால் ஜப்பானில் 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொடர் நாலு மாதம் நின்றது. அப்படி ஒரு அடிக்குப் பிறகும் திரும்பி வந்தது. இந்தக் கதை தெரியாமல் "2023-ல் ஆஷை அனுப்பினார்கள், அவ்வளவுதான்" என்று தீர்ப்பு சொல்வது அவசரம்.

நோபிதா என்ற பையனோடு வாழும் ரோபோ பூனையின் கதையான டோரேமானை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த விவாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1969 கடைசியில் காமிக்ஸாகத் தொடங்கியது. 1973-ல் டிவிக்குக் கொண்டுவந்தபோது அந்த முயற்சி ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. 1979-ல் வேறு சேனலில் மறுபடி தொடங்கினார்கள், அதுதான் நிலைத்தது. படைத்தவர் 1996-ல் காலமானார். 2005-ல் டோரேமான், நோபிதா உட்பட முக்கியக் குரல்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள், இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகக் கேட்ட குரல் ஒரே நாளில் போய்விட்டது, அப்படியும் ஓடுகிறது. ஷின்சான் கதையும் கிட்டத்தட்ட இதுதான்: எழுதியவர் 2009-ல் இறந்தார், ஷின்சானுக்குக் குரல் கொடுத்தவர் 2018-ல் விலகினார், தொடர் நிற்கவில்லை. படைத்தவர் போனாலும், குரல் போனாலும் தாங்குகிறது என்பதற்கு இரண்டு உதாரணம் ஆயிற்று. ஆனால் நாயகனே போன பிறகு தாங்குமா? அதற்கு இந்த இரண்டிலும் விடை இல்லை, ஏனென்றால் நோபிதாவும் ஷின்சானும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஆகவே போக்கிமான் செய்தது உண்மையிலேயே துணிச்சலான காரியம். 2022 நவம்பரில் ஆஷை உலக சாம்பியன் ஆக்கிவிட்டு, 2023 மார்ச்சில் வழியனுப்பி, ஏப்ரலில் லிக்கோ, ராய் என்று புது ஆட்களோடு ஆரம்பித்தார்கள். விவாதத்தில் பாதி நேரத்தை இந்த ஒரு கேள்விக்கு ஒதுக்குங்கள்.

சித்தப்பா யாராவது கூட இருந்தால் "டாம் அண்ட் ஜெர்ரி 1940-லிருந்து ஓடுதே, அதைவிடவா?" என்பார். அவரை மதித்தே பதில் சொல்லுங்கள். அதில் தொடர்கதை கிடையாது, பேச்சும் கிட்டத்தட்டக் கிடையாது, அதனால் எங்கிருந்து பார்த்தாலும் புரியும். போக்கிமானில் நூற்றுக்கணக்கான எபிசோடுகளின் பின்கதை சேர்ந்துவிட்டது, 151-ல் தொடங்கிய உயிரினங்கள் இன்றைக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. புதிதாக வருகிற குழந்தைக்கு இந்தச் சுமை ஒரு சுவர். ஆஷை அனுப்பியதற்கு ஆதரவாக நான் எப்போதும் வைக்கிற வாதம் இதுதான்.

நம்மைப் போன்றவர்களுக்கு மட்டுமே வருகிற ஒரு சிக்கலும் உண்டு, அது மொழி. மும்பையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்தத் தொடர்கள் எல்லாம் இந்திக் குரலில்தான் மனதில் பதிந்திருக்கும். லீவுக்கு ஊருக்குப் போனால் மாமா பையன் சுட்டி டிவியில் டோரா பார்த்து "குள்ளநரி திருடக்கூடாது" என்று கத்திக்கொண்டிருப்பான், இங்கிருந்து போனவனுக்கு அது என்னவென்றே தெரியாது. ஆகவே "என்ன ஒரு குரல்!" என்று யாராவது உருகினால் எந்த மொழிக் குரல் என்று கேட்டுவிடுங்கள். இதில் ஆஷின் மஞ்சள் நிறக் கூட்டாளி பிக்காச்சு தனி. ஜப்பானியக் குரல் நடிகை இகுவே ஓத்தானியின் குரலைத்தான் பெரும்பாலான மொழி டப்பிங்குகளிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள், அதனால் இந்தியில் பார்த்தவரும் தமிழில் பார்த்தவரும் ஒரே பிக்காச்சுவைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆஷ் போனாலும் புதுத் தொடரில் கேப்டன் தொப்பியோடு வேறொரு பிக்காச்சுவை வைத்திருப்பது சும்மா இல்லை. நம்ம ஊர் உதாரணம் வேண்டுமானால், 2008-ல் போகோ சேனலில் தொடங்கிய சோட்டா பீமை அதை எடுத்த ஹைதராபாத் கம்பெனியே 2019-ல் நெட்ஃபிளிக்ஸுக்காகக் கைக்குழந்தையாக்கி, வசனமே கிட்டத்தட்ட இல்லாமல் எடுத்தது. மொழி தடையாக இருக்கக்கூடாது என்றால் இது ஒரு வழி.

பேசிப் பேசி அலுத்துவிட்டால் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். புதுத் தொடரின் முதல் எபிசோடைப் போட்டுவிட்டு, "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தக் குழந்தையும் பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். என்ன செய்கிறது என்று கவனியுங்கள். செம்பூரில் அத்தை வீட்டுக் குட்டிப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டியபோது, கையில் இருந்த முறுக்கைக் கடிக்க மறந்து, அந்தப் பச்சைப் பூனைக்குட்டியின் பேர் என்ன என்று கேட்டாள். ஸ்பிரிகட்டிட்டோ என்று சொன்னதும் நாக்கு சுழலாமல் "கட்டி, கட்டி" என்று அவளே ஒரு பேர் வைத்துக்கொண்டாள். ஆஷ் எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. அவளுக்கு ஆஷ் யாரென்றே தெரியாது.

ஒரு குழந்தையை வைத்து ஊரைச் சொல்ல முடியாதுதான். அதற்கு ஜூன் மாதம் உதவும். மும்பையில் பள்ளி திறப்பதும் மழை பிடிப்பதும் சேர்ந்தே வருகிற நேரம், கிராஃபர்ட் மார்க்கெட் பக்கமோ வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடையிலோ பை, ரெயின்கோட், டிபன் பாக்ஸில் யார் முகம் தொங்குகிறது என்று பாருங்கள். போலிக் கார்டு பாக்கெட் விற்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பேருக்கு மதிப்பு இல்லாத ஒன்றைப் போலியாக அச்சடிக்க யாரும் காசு போடமாட்டார்கள். விற்பனைக் கணக்கு, பங்கு விலை என்று ஆரம்பிப்பவர்களை நான் அதிகம் பேச விடுவதில்லை, அது பெரும்பாலும் கேம், கார்டு பக்கத்துக் கணக்கு.

இடம் பற்றி ஒன்று: ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்கா ஹோட்டல்களில் வேண்டாம், வெளியே வரிசை நிற்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு பேச முடியாது. சாப்பிட்டுவிட்டு ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போய் உட்காருங்கள்.

கடைசியில் ஒவ்வொருவரும் பின்னால் சரிபார்க்கக்கூடிய ஒரு கணிப்பை எழுதித் தர வேண்டும். "நிலைக்கும்", "நிலைக்காது" என்பதெல்லாம் செல்லாது. "2035-ல் புது எபிசோட் வரும், நாயகி லிக்கோவாக இருக்கமாட்டாள்" என்கிற மாதிரி இருக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்ததும் அதேதான்: தொடர் இருக்கும், பிக்காச்சு இருக்கும், சில வருஷத்துக்கு ஒரு முறை மனித நாயகர்களை மாற்றுவது பழக்கமாகிவிடும், ஆஷ் விருந்தாளியாக ஒரு தடவையாவது வருவான். காகிதங்களைக் கூட்டத்தில் யார் வீடு மாறாமல் இருப்பாரோ அவரிடம் கொடுத்து வையுங்கள்.