சென்னையிலிருந்து வடதுருவ ஒளியைப் படமெடுக்கச் செல்வோருக்கு

துருவப் பகுதியின் இரவு வானில் அசைந்தாடும் வண்ண ஒளியான வடதுருவ ஒளி (அரோரா) சென்னை வானில் தெரிவதில்லை. ஆனால் அதைப் படமெடுக்கும் பயிற்சியைப் பெசன்ட் நகர் கடற்கரையிலேயே தொடங்கலாம். அந்த ஒளி தெரியும் நார்வேயின் டிராம்சோ நகருக்குப் புறப்படுமுன், இருட்டில் கையுறையோடு கேமராவின் பொத்தான்களை இயக்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

பலரும் தவறுவது ஃபோகஸில்தான். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனைப் புள்ளியாகச் சுருங்கும் வரை லென்ஸ் வளையத்தை மிக மெதுவாகத் திருப்புங்கள்; வளையத்திலுள்ள முடிவிலிக் குறியை (∞) மட்டும் நம்ப வேண்டாம். முக்காலியில் நிறுத்தி, லென்ஸ் துளையை எஃப் 2.8, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 1600 என வைத்துக்கொண்டு, ஷட்டர் திறந்திருக்கும் நேரமாக, ஒளி மெல்ல நகர்ந்தால் 10 முதல் 15 விநாடிகளும், காற்றிலாடும் திரைச்சீலைபோல் துள்ளினால் 2 முதல் 5 விநாடிகளும் கொடுங்கள். நேரம் கூடினால் அந்த அழகிய மடிப்புகள் கலைந்து வெறும் பச்சைப் புகையாகிவிடும்.

குளிரில் பேட்டரி விரைவில் தீரும் என்பதால், மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடற்சூட்டிலேயே வைத்திருங்கள்.

ஏசி அறையிலிருந்து மே மாதப் புழுக்கத்துக்குள் வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதைச் சென்னைவாசிகள் அறிவார்கள். குளிரிலிருந்து விடுதிக்குள் வரும் லென்ஸுக்கும் அதுவே நேரும். ஆகவே மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துவிட்டு, கேமராவை பிளாஸ்டிக் பையில் இறுக மூடி உள்ளே கொண்டுவந்து, சில மணி நேரம் திறக்காமல் வையுங்கள்.