தனியாகக் கேட்டால் அருமை, பேண்டில் ஆளைக் காணோம்: பேஸ் வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ரிஹர்சல் ஒன்றை யாரோ போனில் பதிவு செய்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். டிரம்ஸ் இருக்கிறது, இரண்டு கிட்டார் இருக்கிறது, பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூட இருக்கிறது. நான் வாசிக்கும் பேஸ் கிட்டார் மட்டும் இல்லை. நான் அன்றைக்குப் போகவே இல்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இத்தனைக்கும் முந்தின நாள் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆம்பில் (ஒலிபெருக்கியில்) சவுண்ட் பிடித்து வைத்திருந்தேன். பேஸ் குமிழ் (கீழ் ஒலி) முக்கால்வாசி, ட்ரபிள் குமிழ் (மேல் ஒலி) முக்கால்வாசி, நடுவில் மிட் (நடு ஒலி) கிட்டத்தட்ட பூஜ்யம். அறையில் கேட்டபோது தரை அதிர்ந்தது, விரல் கம்பியில் படும் சின்னச் சத்தம்கூடப் பளிச்சென்று விழுந்தது. அதே சவுண்ட் மறுநாள் நான்கு பேர் நடுவில் கரைந்து போனது.

பேஸ்காரர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேரிலிருந்து கிளம்புகிறவை: தனியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவெடுப்பது. ஆம்ப் வாங்குவது, கம்பி மாற்றுவது, பிடித்த பேண்டைக் கேட்பது என்று எல்லாவற்றிலும் இது நுழைந்துவிடும்.

மிட்டை வெட்டிவிட்டுத் தேடுவது

முதலில் அந்த மிட் விஷயத்தை முடித்துவிடலாம். நான்கு கம்பி பேஸில் தடித்த ஈ கம்பியைத் திறந்து தட்டினால் அதன் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். அடுத்த ஏ கம்பி 55. மெல்லிய சத்தத்தில் இவ்வளவு கீழான ஒலிகளை நம் காது சரியாகப் பிடிக்காது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். அதனால்தான் வீட்டில் சின்னதாக வைத்து வாசிக்கும்போது "இன்னும் கொஞ்சம் பேஸ்" என்று கை குமிழுக்குப் போகிறது. பேண்டோடு சேர்ந்து சத்தம் ஏறியதும் அதே காது கீழ் ஒலியை நன்றாகவே கேட்கும். அப்போது நீங்கள் ஏற்றி வைத்தது எல்லாம் வெள்ளமாகிவிடும்.

கீழே கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஏற்கெனவே பாய் விரித்துப் படுத்திருக்கிறது. மேலே சிம்பலும் கிட்டாரும். மிச்சம் இருப்பது நடுப்பகுதி, அதிலும் 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை. பேஸில் என்ன நோட் வாசிக்கிறோம் என்று பிறருக்குத் தெரிவது பெரும்பாலும் அங்கேதான். அதைத்தான் நான் பூஜ்யத்தில் வைத்திருந்தேன்.

போன் பதிவில் நான் காணாமல் போனதற்கும் இதுவே காரணம். போனின் குட்டி ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸைப் போடவே முடியாது. நல்ல வேளையாக ஈ கம்பி 41-ஐ மட்டும் தருவதில்லை. 82, 124, 165 என்று அதன் மடங்குகளும் கூடவே வருகின்றன. மேலே உள்ள மடங்குகள் போதுமான அளவு இருந்தால், அடியில் இருக்க வேண்டிய நோட்டை மூளை தானே கட்டிக்கொள்ளும். நான் அந்த மடங்குகளையும் வெட்டிவிட்டால் மூளை எதை வைத்துக் கட்டும்?

எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். டிரம்மர் வாசிக்கும்போது மிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் ஜலதோஷம் பிடித்தவர் பேசுவது போல இருக்கும். இருக்கட்டும், தொடாதீர்கள். சேர்ந்து ஒலிக்கும்போது அந்த மூக்குச் சத்தம்தான் நோட்டாகக் கேட்கும். இடம் மொத்தமும் 'ங்ங்' என்று இரைந்தால் 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம் சற்றுக் குறையுங்கள், ஆம்பை அறை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். மூலைச் சுவர்கள் கீழ் ஒலியைச் சும்மாவே பெருக்கிக் காட்டும். அப்புறம், தரையில் கிடக்கும் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது, காதுக்கு அல்ல. ஒரு நாற்காலி மேல் ஏற்றி வைத்தாலே பாதிக் குமிழ்த் திருகல் மிச்சம்.

வாட் கணக்கில் ஏமாறுவது

300 வாட் ஆம்ப் போதவில்லை என்று 500 வாட் வாங்குகிறவர்கள் உண்டு. சக்தி இரண்டு மடங்கானால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு சக்தி. 300-லிருந்து 500-க்குப் போனால் இரண்டு டெசிபலுக்குச் சற்று மேல். பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில் வேண்டுமானால் வித்தியாசம் தெரியும். அதைவிட இன்னொரு கேபினட் சேர்த்தால் பலன் கூடுதல், அதற்கும் முன்னால் மிட்டை ஏற்றினால் செலவே இல்லை.

ஆம்பெக் எஸ்விடி 1969-ல் வந்தபோது மேடையில் பேஸைச் சுமக்க வேறு வழி இல்லை. 300 வாட் வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அலமாரி. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருடச் சுற்றுப்பயணத்தில் அதைத்தான் கொண்டு போனார்கள். இன்றைக்கு மேடையின் பெரிய ஸ்பீக்கர்களுக்கு நேராக ஒரு கேபிள் போய்விடுகிறது. அந்த அலமாரியைப் படியேற்றித் தூக்குகிற நண்பர்களைப் பிறகு பேண்டில் தக்கவைப்பது கஷ்டம்.

இதில் காசு எரியும் இடங்கள் மூன்று. இரண்டு 8 ஓம் (மின்தடை அளவு) கேபினட்டை இணையாகச் சேர்த்தால் ஆம்புக்குத் தெரிவது 4 ஓம். ஆம்பின் பின்பக்கம் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆம்புக்கும் கேபினட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிளைச் செருகக் கூடாது, உள்ளே மெல்லிய கம்பிதான் இருக்கிறது, சூடாகும். கிட்டார் ஆம்பில் பேஸ் வாசிப்பதும் இந்த ரகம்: மெதுவாக வைத்தால் தப்பிக்கலாம், ஏற்றினால் ஸ்பீக்கர் கோன் கிழியும்.

ஜேமர்சன் செய்தார் என்று கம்பி மாற்றாமல் இருப்பது

இது நானே செய்தது. மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாடல்களில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். கையில் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், அதில் ஃபிளாட்வவுண்ட் கம்பி. அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்துக்கொண்டு அத்தனையும் வாசித்தார். இதைப் படித்த நாளிலிருந்து நானும் கம்பி மாற்றுவதை நிறுத்திவிட்டேன். பெரிய ஞானம் வந்துவிட்டதாக நினைப்பு.

என்னுடையது ரவுண்ட்வவுண்ட். அங்கேதான் கோளாறு. ஃபிளாட்வவுண்டில் மேலே சுற்றியிருப்பது தட்டை நாடா. அழுக்கு புகக் கொஞ்சம்தான் இடம், வயதாக வயதாகச் சத்தம் மெத்தென்று இறங்கும், அது அழகு. ரவுண்ட்வவுண்டில் உருண்டைக் கம்பி சுற்றியிருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு பள்ளம். வியர்வையும் தோல் தூளும் அங்கே போய் உட்காரும், அதுவும் கை அதிகம் படும் இடங்களில் கூடுதலாக. கம்பியின் எடை ஒரே சீராக இல்லாமல் போகும். எட்டாவது மாதத்தில் என் பேஸ் திறந்த கம்பியில் சுருதி சேர்ந்தது, ஏழாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) சேரவில்லை. நான் பேஸின் கழுத்து வளைந்துவிட்டது என்று ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு) திருகி, பிரிட்ஜை (கம்பிகளின் அடி நுனி உட்காரும் இடம்) திருகி, கடைசியில் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் துணியால் கம்பியை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். துணி கறுத்துவிட்டது. "முதல்ல இதை மாத்துங்க தம்பி."

புதுக் கம்பி போடும்போது ஒரு விஷயம். மிச்சத்தை வெட்டுவதற்கு முன்னால், சுருள் ஏற வேண்டிய நீளம் விட்டு, கம்பியைச் செங்கோணமாக மடக்குங்கள்; மடிப்புக்கு அந்தப் பக்கம் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று உள் கம்பியில் நழுவித் தளரும், அந்தக் கம்பி முதல் நாளே கிழடு தட்டிவிடும்.

செட்டப்பில் வரிசை முக்கியம்: முதலில் கழுத்தின் வளைவு, அப்புறம் கம்பியின் உயரம், கடைசியில் இன்டோனேஷன் (எந்த ஃப்ரெட்டில் பிடித்தாலும் சுருதி சேர்வது). ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். நான் தலைகீழாகச் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன்.

ஹீரோ கையில் இருப்பதை வாங்குவது

யெஸ் பேண்டின் கிறிஸ் ஸ்குயரைக் கேட்டுவிட்டு ரிக்கன்பேக்கர் வாங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அந்த உறுமல் வரவில்லை என்று ஒரு வருடம் புலம்பினார். ஸ்குயரின் சத்தத்தில் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) இருக்கிறது, பளிச்சென்ற ரவுண்ட்வவுண்ட் கம்பி இருக்கிறது, ஆம்பை முறுக்கிய முறுக்கு இருக்கிறது. நண்பர் விரலால், படுக்கையறையில், ஹெட்போனில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பிக்கும் தனிக் கதை உண்டு: தி ஹூ பேண்டின் ஜான் என்ட்விசில் 1966 வாக்கில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உட்கார்ந்து, பியானோ போல ஒலிக்கிற பேஸ் கம்பியைத் தேடிப் பிடித்தார்.

மறுபக்கம் பாருங்கள். 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டு வந்த பிரிசிஷன் இன்றைக்கும் சோல், பங்க், மெட்டல் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. கருவி வழிவிட்டது, கைதான் வேறு வேறு. ஐந்து கம்பி வாங்குகிறவர்களும் யோசிக்க வேண்டும். கீழே வரும் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். சின்னக் கேபினட்டில் அது நோட்டாக வராது, புஸ்ஸென்று காற்றுதான் வரும்.

வாங்கும்போது உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு வராதீர்கள். பட்டை மாட்டி, நின்று, இருபது நிமிடம். தலைப்பகுதி கனமாக இருந்தால் பேஸ் கழுத்துப் பக்கம் சாயும். இடது கை நோட் பிடிப்பதை விட்டுவிட்டுச் சுமை தாங்கத் தொடங்கும்.

பேட்டரியை ஒரு வரியில் சொல்கிறேன். ஆக்டிவ் பேஸில் (உள்ளே பேட்டரியில் ஓடும் சுற்று உள்ளது) கேபிளைச் செருகினாலே உள்ளே சுவிட்ச் போட்ட மாதிரி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் மறுநாள் மேடையில் இரண்டாவது பாட்டில் சத்தம் கரகரத்து அடங்கும். பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி எனக்கு அதற்கப்புறம்தான் வந்தது.

பிடித்த பேண்டில் பேஸை மட்டும் கேட்பது

இணையத்தில் பேஸை மட்டும் பிரித்தெடுத்த பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன. நோட் எடுக்க உதவும், சரி. அதிலேயே குடியிருந்தால் பழைய தவறுக்கே திரும்பி வந்துவிடுவோம்: தனியாகக் கேட்பது. நான் ஆறு மாதம் ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது) பழகினேன். கட்டைவிரல் வீங்கியது. பேண்டில் முதல் தடவை எடுத்துவிட்டபோது டிரம்மர் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "டேய், முதல் பீட்டுல மட்டும் என்னோட சேர்ந்து இறங்கு. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

பிறகுதான் ஸ்லாப் வாசிப்பைத் தொடங்கிவைத்த லாரி கிரஹாம் கதை உறைத்தது. ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் பேண்டுக்கு வருவதற்கு முன் அவர் தன் அம்மாவோடு வாசித்தார். கூட இருந்த டிரம்மர் விலகியதும் கிக் விழும் இடத்தில் கட்டைவிரலால் அடித்தார், ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) விழும் இடத்தில் கம்பியைச் சுண்டி இழுத்தார். டிரம்ஸ் இல்லாத குறையை அடைக்கப் பிறந்த வாசிப்பு அது. நான் அதை நன்றாக வாசிக்கிற ஒரு டிரம்மரின் தலைமேல் கொட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் பேஸையும் டிரம்ஸையும் ஜோடியாகத்தான் கேட்கிறேன். லெட் செப்பலினில் ஜான் பால் ஜோன்ஸ் எங்கே வாசிக்காமல் டிரம்மர் போன்ஹாமின் காலுக்கு வழிவிடுகிறார் என்று கேட்பேன். பாப் மார்லியின் வெய்லர்ஸில் ஆஸ்டன் பாரெட் பேஸ், தம்பி கார்ல்டன் டிரம்ஸ். அண்ணன் ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்துவார், அந்த இடைவெளியில் தம்பியின் ஹை-ஹேட் (இரட்டைச் சிம்பல்) மட்டும் நடந்து போகும். ஏசி/டிசி-யின் கிளிஃப் வில்லியம்ஸ் பெரும்பாலும் ரூட் நோட்டையே (கார்டின் அடி நோட்) சீராக எட்டு எட்டாக வாசிப்பார். "இதில் என்ன இருக்கிறது" என்று நானும் கேட்டவன்தான். மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) போட்டு நான்கு நிமிடம் வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் முந்திக்கொண்டு ஓடியிருந்தேன்.

காது அடைப்பானையும் ரிஹர்சலுக்கு எடுத்துப் போங்கள், சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் நீங்கள்தான். பதிவு செய்யும் போனை ஆம்ப் மேல் வைக்காமல் பாடுகிறவர் நிற்கும் இடத்தில் வையுங்கள். என் பழைய பதிவு இன்னும் போனில் இருக்கிறது. அதில் இப்போதும் நான் இல்லை.