கையெழுத்து எழுத்துருவில் பிறந்தநாள் அழைப்பிதழ் அட்டை: முதல் தடவை செய்பவர்களுக்கு

கையெழுத்துச் சாயல் எழுத்துரு மூன்று நான்கு சொற்களுக்குத்தான் அழகு. முழு அட்டையையும் அதில் நிரப்பினால் வெள்ளவத்தை மண்டபத்தின் விலாசத்தைக்கூட எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வேண்டிவரும்.

முதலில் கூகுள் ஃபொன்ட்ஸ் தளத்தில் 'கவிவாணர்' (Kavivanar) என்று ஆங்கில எழுத்தில் தட்டித் தேடி இறக்குங்கள். இலங்கை எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கியது. வலப்பக்கம் சாய்ந்த, பேனாவால் எழுதியது போன்ற வடிவம். இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். விவரங்களுக்கு நேரான எழுத்துரு ஒன்றும் வேண்டும்: அதே தளத்தில் உள்ள கட்டமரான் (Catamaran) போதும். இரண்டையும் ஸிப்பிலிருந்து பிரித்து, ரைட் கிளிக் செய்து நிறுவுங்கள்.

ஃபோட்டோஷொப்பில் புதிய கோப்பு திறவுங்கள்: 5×7 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). வெட்டும்போது ஓரம் போகும் என்பதால் நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி எழுத்து. யூனிகோடில் தட்டுங்கள். பாமினி என்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டி வைத்த வாசகத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும். 'கொ', 'கை' தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பிழை எழுத்துருவில் இல்லை. பழைய ஃபோட்டோஷொப் பதிப்புகளில் பரகிராப் பலகத்தின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தெரிவு செய்தால் சரியாகும்.

பிள்ளையின் பெயர் 48 பொயின்ட், 'முதலாவது பிறந்தநாள்' 28, இரண்டும் கவிவாணரில். திகதி, நேரம், இடம், தொலைபேசி இலக்கம் கட்டமரானில் 12. வரி இடைவெளி எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். குறைத்தால் மேல்வரியின் 'கூ', 'ரு' கீழ்வரியின் 'கீ'யின் மேற்சுழியில் முட்டும்.

தடிப்பு (போல்ட்) பட்டனைத் தொடாதீர்கள். கவிவாணர் ஒரே தடிப்பில்தான் வருகிறது; மென்பொருள் பூசும் போலித் தடிப்பில் 'ண'வின் சுழிகள் அடைபடும். ஏற்கனவே சாய்ந்த எழுத்தை இன்னும் சாய்ப்பதும் வீண்வேலை. அட்டையில் சிங்களமும் வேண்டுமென்றால் அதற்கு வேறு எழுத்துரு தேட வேண்டும், இதில் சிங்கள எழுத்துகள் இல்லை.

அச்சகத்துக்கு அனுப்பமுன் மூலக்கோப்பைத் தனியே சேமித்துவிட்டு, பிரதியில் எழுத்து லேயர்களை 'கொன்வர்ட் டு ஷேப்' செய்து, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்குங்கள். புறக்கோட்டை அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்கும் என்று நம்பக் கூடாது. அதற்கு முன் சாதாரண ஏ4 தாளில் 100 வீத அளவில் ஒரு பிரதி எடுத்து, கை நீட்டிப் பிடித்து வாசியுங்கள். தடக்கினால் 2 பொயின்ட் கூட்டுங்கள்.