எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள்

ஆடி மாதம் வேலூரிலிருந்து பள்ளிகொண்டா பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். முழு அயர்ன்மேன் என்ற, இடைவெளி இல்லாமல் மூன்றையும் முடிக்க வேண்டிய போட்டியில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அப்புறம் 42.2 கி.மீ. ஓட்டம். எதிர்காற்றில் வழக்கமான வேகத்தைப் பிடிக்கப் போராடினால், ஓட்டத்துக்கு வேண்டிய தொடை சைக்கிளிலேயே தீர்ந்துவிடும். வேகம் காட்டும் மீட்டரை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. கியரைக் குறைத்து, முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்துங்கள். காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு போனது என்றே தெரியாது. சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு உப்பு கலந்த தண்ணீர் குடியுங்கள். திரும்பும்போது பின்காற்று கிடைக்கும், சாப்பிட வேண்டியதை அப்போது நிதானமாகச் சாப்பிடலாம்.