தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மீன் தொட்டி: தண்ணீரையும் பாசியையும் சமாளிப்பது எப்படி

மீன் தொட்டி பற்றிய வீடியோக்களில் பெரும்பாலும் "குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு அது போதாது. இங்கே நிறைய வீடுகளில் ஒரே குழாயில் இரண்டு தண்ணீர் வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் தண்ணீர் விடும் நாளில் சம்ப் நிறையும், அது தீர்ந்ததும் அதே சம்பிலோ மாடித் தொட்டியிலோ போர் தண்ணீரை ஏற்றிவிடுவோம், சோப்பு சரியாக நுரைக்காவிட்டால் "இன்னிக்கு போர் தண்ணி போல" என்று சொல்லிவிட்டுத் துணியை அலசிப் போட்டுவிடுவோம். மீன் விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியாது. பாதித் தொட்டித் தண்ணீரை மாற்றும்போது கரைந்திருக்கும் உப்பு திடீரென்று இரண்டு மடங்கு ஏறினாலோ இறங்கினாலோ, மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கி நிற்கும். பல பேர் அதை நோய் என்று நினைத்து மருந்து வாங்க ஓடுகிறார்கள்.

அதனால் முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி, வாங்கிவிடுங்கள். ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வருபவர் பையில் பேனா மாதிரி வைத்திருப்பாரே, அதுதான், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீர், இன்னொரு டம்ளரில் இன்று குழாயில் வந்தது, இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் தாராளமாக நான்கில் ஒரு பங்கு மாற்றலாம். தொட்டியில் 400, குழாயில் 1200 என்று காட்டினால் அன்றைக்கு மாற்ற வேண்டாம், அல்லது பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், எந்தத் தண்ணீர் நல்லது என்று ஆராய்வதைவிட எப்போதும் ஒரே மாதிரித் தண்ணீர் ஊற்றுவதுதான் முக்கியம். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் இரண்டு டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் ஒரு சின்னத் தொட்டிக்கு அந்த வாரம் ஓடிவிடும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி முழுக்க நிரம்பினாலே 56 லிட்டர்தான், அதில் கால் பங்கு என்றால் ஒரு பெரிய பக்கெட் அளவு.

போர் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்கேற்ற மீனை வளர்ப்பது புத்திசாலித்தனம். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் சந்தோஷமாகவே இருக்கும், குட்டியும் போடும். டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா மாதிரி மீன்கள்தான் வேண்டும் என்றால் ஆர்ஓ தண்ணீர் கலக்க வேண்டும். கணக்கு எளிது: 1200 உள்ள போர் தண்ணீரும் 50 உள்ள ஆர்ஓ தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 625 வரும். தனி ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், தாது உப்பு இல்லாத தண்ணீரில் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) நிலையாக நிற்காது. புளோரைடு விஷயமும் இங்கே சொல்ல வேண்டும். நம் பக்கத்து நிலத்தடி நீரில் அது அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே 2013-ல் நடைமுறைக்கு வந்தது. டிடிஎஸ் மீட்டர் அதைத் தனியாகக் காட்டாது, குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்து அதை நீக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. வீட்டில் அதைக் குறைக்க ஆர்ஓ தண்ணீர் கலப்பதுதான் வழி.

குளோரின் பக்கம் வருவோம். பைப்பில் வரும் குடிநீரில் கிருமி நீக்கக் குளோரின் இருக்கும், அது மீனின் செவுளை அரித்துவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து, முடிந்தால் ஏர் பம்ப் குழாயை உள்ளே விட்டால் சாதாரணக் குளோரின் போய்விடும். மூடிய டிரம்மில் வைத்தால் லேசில் போகாது, அப்போது ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை பாட்டிலில் எழுதியுள்ள அளவுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாடித் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வாரத்தில் மீன் தொட்டிப் பக்கமே அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகாதீர்கள். போர் தண்ணீரில் குளோரின் இல்லாவிட்டாலும் ஒரு நாள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். அப்புறம், வெயில் காலத்தில் மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். காலையில் மாற்றுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தொட்டித் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மறுபடி போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி வந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே விரலால் தேய்த்துப் பாருங்கள், பவுடர் மாதிரி இல்லாமல் சொரசொரவென்று வெள்ளையாக ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால்தான் வரும். குறைந்ததை நிரப்ப ஆர்ஓ தண்ணீர், மாற்றுவதற்கு வழக்கமான தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பாசி. முதலில் கலங்கலைப் பாருங்கள். தொட்டித் தண்ணீரை ஒரு வெள்ளை டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் வையுங்கள். பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருந்தால் அது பாக்டீரியா, புதுத் தொட்டியில் வரும், தானே தெளியும். பச்சையாக இருந்தால் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது என்பதால் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரில் நிற்காது, தண்ணீரை மாற்றினாலும் மூன்றே நாளில் திரும்பப் பச்சையாகும். நீங்கள் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு அதற்குச் சாப்பாடும் போகக்கூடும், விவசாய நிலத்தை ஒட்டிய போர் தண்ணீரில் உர நைட்ரேட் இருக்க வாய்ப்புண்டு.

பச்சைத் தண்ணீருக்கு இருட்டுதான் மருந்து. தொட்டியை ஒரு தடித்த போர்வையால் நாலு பக்கமும் மேலேயும் மூடி, லைட்டை அணைத்து, மூன்று நாலு நாள் விடுங்கள். இடையில் தூக்கிப் பார்க்காதீர்கள், தீனி போடாதீர்கள், வளர்ந்த மீனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஏர் பம்ப் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது, ஏனென்றால் செத்துப்போகும் பாசி அழுகும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு அம்மோனியாவை விடும். நம் போர் தண்ணீர் மாதிரி பிஹெச் அதிகமான தண்ணீரில் அதே அம்மோனியா இன்னும் விஷமாக வேலை செய்யும். போர்வையை எடுத்ததும் கால் பங்கு, அடுத்த நாள் இன்னொரு கால் பங்கு மாற்றிவிடுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் காட்டிக் கழுவ வேண்டாம், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பக்கெட்டில் வைத்துப் பிழியுங்கள். அம்மோனியாவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது, குளோரின் பட்டால் போச்சு.

இதைச் செய்துவிட்டுப் பழையபடி ஜன்னல் ஓரத்திலேயே தொட்டியை வைத்தால் பாசி திரும்ப வரும். நேர் வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள், லைட் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும், தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி கொஞ்சம் போடுங்கள், இல்லாவிட்டால் மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் தண்ணீரில் இறக்கிவிடுங்கள். நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். இது எனக்கு மிகவும் பிடித்த வழி, செலவே இல்லை.

புதுத் தொட்டியில் கண்ணாடியில் படியும் பழுப்புப் பாசி துடைத்தால் போய்விடும், சில வாரங்களில் நின்றுவிடும். நீலப்பச்சையாக, வழவழவென்று விரிப்பு மாதிரி மூடி, சேற்று நாற்றம் அடித்தால் அது உண்மையில் பாக்டீரியா வகை. குழாயால் உறிஞ்சி வெளியே எடுங்கள், தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டுங்கள். கடையில் தரும் பாசி மருந்துகளில் செம்பு கலந்தவை உண்டு, இறாலும் நத்தையும் இருந்தால் தொடவே வேண்டாம்.

"பாசி தின்னும்" என்று சக்கர் மீனைத் தருவார்கள். பச்சைத் தண்ணீரை அது ஒன்றும் செய்யாது. கையகலம் இருக்கும்போது வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும், 2 அடித் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது. ஏற்கெனவே வாங்கி வளர்ந்துவிட்டது என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ராமக்காள் ஏரியிலோ கே.ஆர்.பி. அணையிலோ விட்டுவிடாதீர்கள். அது கரையைக் குடைந்து முட்டையிட்டுப் பெருகும், நம்ம ஊர் மீனின் இரையையும் முட்டையையும் தின்னும், அப்புறம் வலை போடுபவர்களுக்குத்தான் கஷ்டம்.