சிறுநீரக இரத்தக் குழாயைச் சுருக்கியது எந்த எண்டோதீலின் ஏற்பி? ஆய்வுக்கூடப் பதிவைப் படிக்கும் முறை

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மருந்தியல் பயிலும் நம் மாணவர்கள் பலர், இரத்தக் குழாயின் உட்சுவர் சுரக்கும் எண்டோதீலின் என்ற பொருள் பிணையும் ஏற்பிகளில் (செல்லின் மேலுள்ள, அதை உணரும் புரதங்களில்) ‘ஏ’ ஏற்பி குழாயைச் சுருக்கும், ‘பி’ ஏற்பி விரிக்கும் என்று மனப்பாடம் செய்துகொண்டு ஆய்வுக்கூடத்திற்கு வருகிறார்கள். எலியின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரக இரத்த ஓட்டத்தையும் காட்டும் பதிவைக் கையில் கொடுத்ததும் அந்தச் சூத்திரம் காலை வாரிவிடுகிறது. எந்த ஏற்பி என்பதோடு, அது எந்தச் செல்லின் மேல் இருக்கிறது என்றும் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

ஆகவே முதலில் ஒரு நுண்தமனியின் குறுக்குவெட்டை வரைந்துகொள்ளுங்கள். உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியச் செல்கள், 21 அமினோ அமிலங்களாலான எண்டோதீலின்-1 ஐச் சுரந்து, அதில் பெரும்பகுதியை வெளிப்புறத் தசைச் செல்களின் பக்கமே விடுகின்றன. தசைச் செல்லில் ஏ ஏற்பியைக் குறியுங்கள். அது தூண்டப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து தசை சுருங்கும். பி ஏற்பியை மட்டும் இரண்டு இடங்களில் குறிக்க வேண்டும். எண்டோதீலியச் செல்லில் உள்ள பி ஏற்பி நைட்ரிக் ஆக்சைடையும் புரோஸ்டாசைக்ளினையும் வெளிவிடச் செய்து குழாயைத் தளர்த்துகிறது. தசைச் செல்லில் உள்ள பி ஏற்பியோ ஏ ஏற்பியைப் போலவே சுருக்குகிறது. பாம்பு நஞ்சிலிருந்து கிடைத்த, பி ஏற்பியை மட்டும் தூண்டும் சாராஃபோடாக்சின் 6சி, எலியின் சிறுநீரக இரத்த ஓட்டத்தைக் குறைப்பது இதனால்தான்.

அடுத்து, பதிவை நேரவாரியாகப் பாருங்கள். எண்டோதீலின்-1 ஐச் சிரை வழியே செலுத்தியதும் இரத்த அழுத்தக் கோடு சற்று நேரம் தாழ்ந்து, பிறகு மேலேறி, நெடுநேரம் இறங்காமல் நிற்கும். அந்த முதல் தாழ்வு எண்டோதீலிய பி ஏற்பியின் வேலை. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இரத்த ஓட்ட எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து, ஓட்டத்துக்குக் குழாய்கள் காட்டும் தடையைக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, அழுத்தம் 100 மி.மீ. பாதரசமும் ஓட்டம் நிமிடத்திற்கு 8 மி.லி.யும் என்றால் தடை 12.5, அழுத்தம் 110 ஆக உயர்ந்து ஓட்டம் 5 ஆகக் குறைந்தால் தடை 22. ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகக் குறைந்திருக்க, தடை முக்கால் பங்கு கூடியிருக்கிறது. சுருக்கத்தின் உண்மையான அளவு அதுவே.

இனித் தடுப்பான்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற திட்டத்தில், எலிகளில் ஒரு தொகுதிக்கு ஏ ஏற்பியைத் தடுக்கும் பிக்யூ-123, இன்னொன்றுக்கு பி ஏற்பியைத் தடுக்கும் பிக்யூ-788, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு ஒப்பீட்டுக்காக, மருந்தைக் கரைக்கும் திரவமான கரைப்பான் மட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எண்டோதீலின் ஏற்பியோடு இறுகப் பிணைந்துகொள்வதால், ஒரே விலங்குக்கு அதைத் திரும்பத் திரும்பச் செலுத்தி ஒப்பிடுவதை நான் ஏற்பதில்லை. பிக்யூ-123 கொடுத்தும் சுருக்கம் ஓரளவு எஞ்சியிருந்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது மறைந்தால், தசையின் பி ஏற்பிக்கும் அதில் பங்குண்டு என்று எழுதலாம்.

பிக்யூ-788 மட்டும் கொடுத்துச் சுருக்கம் கூடினால் நிதானம் தேவை. தளர்த்தும் பக்கம் அடைபட்டது ஒரு காரணம். இரத்தத்திலிருந்து எண்டோதீலினை அகற்றுவதும் பி ஏற்பியே என்பதால், அதைத் தடுத்தவுடன் எண்டோதீலின் அளவு உயர்ந்து ஏ ஏற்பியைக் கூடுதலாகத் தூண்டுவது மற்றொன்று. பிளாஸ்மாவில் எண்டோதீலினை அளக்காமல் இவ்விரண்டில் எதையும் உறுதியாகச் சொல்லிவிட வேண்டாம்.

கடைசியாக, சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியிலும் உட்பகுதியான அகணியிலும் இரத்த ஓட்டத்தைத் தனித்தனியே அளந்து, தனித்தனியே எழுதுங்கள். புறணியில் ஓட்டம் குறையும் அதே வேளையில், அகணியில் பி ஏற்பியும் நைட்ரிக் ஆக்சைடும் ஓட்டத்தைக் கூட்டக்கூடும். மொத்த ஓட்டத்தை மட்டும் அளந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.