ரிமோட் சாவியில் பேட்டரி தீர்ந்தாலும் கார் கிளம்பும்

பட்டன் ஸ்டார்ட் காரில் 'சாவி இல்லை' என்று திரையில் வந்தால், ரிமோட் சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்தபடி (கியர் வண்டி என்றால் கிளட்சையும்) அழுத்துங்கள். சாவிக்குள் பேட்டரி இல்லாமலே இயங்கும் சின்ன சிப் இருக்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் காருக்குள் இருக்கும் ஆன்டெனாவே கொடுத்துவிடும். கதவு திறக்கவில்லையா? ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவி எடுங்கள். காரோட்டும் பெரியவர்களுக்கு இதை வாயால் சொன்னால் போதாது, அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்ய வையுங்கள். இருட்டில் தனியாக நிற்கும்போது கையேட்டைப் புரட்ட முடியாது. சில கார்களில் சாவியைக் காட்டவேண்டிய இடம் கப் ஹோல்டரிலோ ஸ்டீயரிங் பக்கத்திலோ இருக்கும். காரின் பெரிய பேட்டரியே இறங்கியிருந்தால் இது உதவாது.